‘ஓர் ஒற்றுத்தானே!’ என்பார்க்கு

அண்மையில் ஒருநாள் காலை, நாளிதழ் ஒன்றைக் கையிலெடுத்தோம். முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: ‘வேலைக் கேட்டு இளைஞர்கள் முற்றுகை.’ செய்தியைப் படித்தோம். கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்றும் பிழைப்பிற்கு வழியில்லாத இளைஞர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின்முன் திரண்டு வேலை கேட்டிருக்கின்றனர். தலைப்போ, அவர்கள் வேலைக் கேட்டனர் என்கின்றது. அஃதாவது, முருகன் திருக்கையில் உள்ள வேலைத் தமக்குத் தருமாறு கேட்டனர் என்கின்றது! பணி என்னும் பொருளில் ‘வேலை கேட்டு’ என இயல்பாக நிற்கவேண்டிய தொடரில், ‘வேல்’ என்னும் சொல் இரண்டாம் வேற்றுமை உருபேற்று நிற்குங்கால் மிகவேண்டிய ‘க்’ வந்து புகுந்துகொண்டது. ஓர் ஒற்று, பசித்தவனின் குரலைப் படைக்கலம் கேட்பவனின் குரலாக மாற்றிவிட்டது.

அவ்விதழின் பெயரை ஈண்டுக் கூறப்போவதில்லை. ஒன்றின் பெயரைக் கூறினால், மற்றவையெல்லாம் தூயன என்றாகிவிடும். அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, பொறுப்பிலிருந்த அன்பரிடம் இதனைப் பணிவோடு எடுத்துரைத்தோம். அவர் சினக்கவில்லை, சிரித்தார். ‘ஒரு ஒற்றுத்தானே, ஐயா! படிக்கிறவர்களுக்குப் புரியாமலா போய்விடும்?’ என்றார். (தலைப்பில் ‘ஓர்’ எனத் திருத்தியிட்டவர் யாமே.) ‘இதனை மெய்ப்புப் பார்த்தவர் யார்?’ என்று வினவினோம். ‘அதற்கென்று இப்போது தனியாக யாரும் இல்லை, ஐயா. எழுதுகிறவரே பார்த்துவிடுவார்’ என்றார்.

முதல் விடை வருத்தத்தைத் தந்தது. இரண்டாம் விடை அச்சத்தைத் தந்தது. பிழை எவர்க்கும் நேரும், எமக்கும் நேரும். ஆனால், பிழையைப் பார்ப்பதற்கே ஆள் வேண்டா என்று ஒரு நிறுவனம் முடிவு செய்யுமாயின், அது பிழையன்று, கொள்கை. தமிழ் எப்படி அச்சேறினாலும் ஏனென்று கேட்பாரில்லை என்னும் துணிவில் விளைந்த கொள்கை. அக்கொள்கையையே இக்கட்டுரை எதிர்க்கின்றது.

காவலில்லாக் கோட்டை

‘மெய்ப்பு’ என்னும் சொல்லை நோக்குக. எழுதியவன் கருதியதும் அச்சேறியதும் ஒன்றே என மெய்ப்பிக்கும் தொழில் அது. ஈய எழுத்துகளைக் கையாற் கோத்து அச்சிட்ட நாளில், கோத்த எழுத்தின்மேல் மையிட்டு, நீண்ட தாளில் ஒரு படி எடுப்பர். ஒருவர் கையெழுத்துப்படியை வாய்விட்டுப் படிப்பார். மற்றொருவர் அச்சுப்படியில் விழியூன்றி ஓரத்தில் குறியிடுவார். திருத்தம் செய்தபின் இரண்டாம் படி வரும். ஒரு பிழையைத் திருத்தும் கை, பக்கத்திலேயே மற்றொரு பிழையைச் செய்துவிடக்கூடும் அன்றோ! பக்கமாகக் கட்டியபின் மூன்றாம் படி. அதில் தலைப்பு, படத்தின் கீழ்வரி, தொடர்ச்சிப் பக்கத்தின் எண், நாள், கிழமை ஆகியன பார்க்கப்படும். பொருளில் உள்ளம் மயங்கி எழுத்தைத் தவறவிடாதிருத்தற்பொருட்டு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கும் மெய்ப்புத் திருத்துநரும் உண்டு. பெரிய எழுத்திலுள்ள தலைப்பில்தான் பிழை எளிதில் தப்பும் என்பதையும் அவர்கள் அறிவர். சிறிய எழுத்தில் கண் ஊன்றும். பெரிய எழுத்தில் வழுக்கிச் செல்லும்.

‘எழுதுகிறவரே பார்த்துவிடுவார்’ என்பது இத்தொழிலின் முதலறிவும் இல்லாதார் கூற்று. எழுதியவன் கண் தாளில் உள்ளதைக் காணாது. தன் நெஞ்சில் உள்ளதையே தாளிற் காணும். விடுபட்ட சொல்லை அவன் நெஞ்சமே இட்டு நிரப்பிவிடும். அதனாலன்றோ இரண்டாவது கண் வேண்டும் என்றனர்! 1955ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்தில் இயற்றப்பட்ட உழைக்கும் இதழாளர் சட்டம், ஆசிரியர், துணையாசிரியர், செய்தியாளர், செய்திப் படப்பிடிப்பாளர் முதலியோரோடு மெய்ப்புத் திருத்துநரையும் சேர்த்து இதழாளர் என்றே எண்ணிற்று. அவர் அச்சுக்கூடத்தின் மூலையில் அமர்ந்த எடுபிடியாள் அல்லர். இதழை ஆக்குவோருள் ஒருவர் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

பின்னர் நேர்ந்ததென்ன? கணினி வந்தது, அச்சுக் கோப்பவர் சென்றார். அவரோடு மெய்ப்புத் திருத்துநரும் பல அலுவலகங்களினின்று அனுப்பப்பட்டார். ஈய எழுத்து மறைந்ததால் அதனைக் கோக்கும் கை வேண்டாதாயிற்று என்பது உண்மை. படிக்கும் கண் எவ்வாறு வேண்டாததாகும்? வண்டி மாட்டிலிருந்து உந்திற்கு மாறிவிட்டது என்பதற்காக, வழி பார்த்து ஓட்டுபவனை இறக்கிவிடுவார் உண்டோ?

இவர்களுக்குச் சரிபார்க்கத் தெரியாது என்றும் எண்ணிவிடற்க. பணம் தந்து விளம்பரம் வெளியிடும் வணிகரின் கடைப்பெயரில் ஓர் எழுத்தோ, அவர் குறித்த விலையில் ஓர் எண்ணோ பிறழ்ந்தால் அலுவலகமே நடுங்கும். வருத்தம் தெரிவிப்பர், விலையின்றி மறுபடியும் வெளியிடுவர். பங்குச் சந்தை எண்களையும் ஆட்டக்களத்து ஓட்டக் கணக்கையும் ஒன்றுக்கு இருமுறை ஒத்துப்பார்ப்பர். கேட்க ஆளுள்ள இடத்தில் கண் திறக்கின்றது. தமிழ்மொழி பணம் தந்து விளம்பரம் வெளியிடுவதில்லை. எனவே, அதன் பொருட்டுக் கண் திறப்பதில்லை. இதனைச் சோம்பல் என்பதா? வணிகக் கணக்கு என்பதே பொருந்தும்.

முன்னோர் பட்ட பாடு

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. ஆயினும், அச்சகம் நடத்தும் உரிமை இந்நாட்டு மக்களுக்குத் தடையின்றிக் கிட்டியது 1835-இல்தான். கிட்டிய உரிமையை நம் புலவர்கள் எவ்வாறு ஆண்டனர் என்பதை இற்றை இதழாளர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

அவர்கள் கையில் இருந்தவை ஓலைச்சுவடிகள். மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று வடிவைக் கொண்டு அறிதல் இயலாது. ரகரமும் நெடிலுக்குரிய காலும் ஒன்றுபோலத் தோன்றும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது. செல் அரித்த துளைகள் வேறு. அவற்றைக் கொண்டே, சி.வை. தாமோதரனார் 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே 1887-இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், பின்னர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டார். ஓரெழுத்தின் உண்மை வடிவைத் துணிய ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினர். படியோடு படியை ஒப்பிட்டனர்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்வோம். அவருடைய உரைநடையில் வடசொற்கள் மிகுதி. அதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும், ‘நாவலர் பதிப்பு’ என்றாலே பிழையற்ற பதிப்பு என்று பொருள்படுமளவிற்கு, எழுத்தெழுத்தாகப் பார்த்து அச்சிட்டவர் அவர். நன்று எவரிடம் இருப்பினும் அதனைக் கொள்ளுதல் தமிழன் கடன்.

பிற நாட்டார் இதனை எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பதற்கும் சான்றுண்டு. 1631-இல் இலண்டனில் அச்சான விவிலியப் பதிப்பொன்றில், பத்துக் கட்டளைகளுள் பிறன்மனை நயத்தலைத் தடுக்கும் கட்டளையில் ‘கூடாது’ எனப் பொருள்படும் ஒரு சிறு சொல் விடுபட்டுப் போயிற்று. தடுக்கவேண்டிய கட்டளை, ஏவும் கட்டளையாயிற்று! அதனை அச்சிட்டோர்க்கு 300 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. அச்சுரிமையையும் அவர்கள் இழந்தனர். ‘ஒரு சொல்தானே, படிப்பவர்க்குப் புரியாதா?’ என்று அன்று எவரும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை.

ஓலையின் இருளில் விளக்கேற்றியவர்கள் நம் முன்னோர். மின்விளக்கின் ஒளியில் கண்மூடியிருப்பவர்கள் நாம்.

நான்கு சாக்குகள்

பிழையைச் சுட்டும்போதெல்லாம் நம்மிடம் நீட்டப்படும் சாக்குகள் நான்கு. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, ‘புரிகின்றதே!’ என்பது. புரிவது உண்மைதான். ஆனால், எவ்வாறு புரிகின்றது? படிப்பவன் தன் அறிவைக் கொண்டு உங்கள் பிழையைத் திருத்திக்கொண்டு படிக்கின்றான். கூலி பெற்று நீங்கள் செய்யவேண்டிய வேலையை, விலை கொடுத்து இதழை வாங்கியவன் செய்கின்றான்! சோற்றிற் கல்லிருந்தால், பொறுக்கியெறிந்துவிட்டு உண்ணலாம். அதனால் கல்லோடு சமைப்பது முறையாகிவிடுமா? பொறுக்கத் தெரியாத சிறுவன் என் செய்வான்? ‘மருந்துக் கடை’ என்பது விற்குமிடம். ‘மருந்து கடை’ என்பது மருந்தைக் கடையுமாறு ஏவுவது. ‘தந்தப் பலகை’ யானைக் கொம்பினாலாயது. ‘தந்த பலகை’ எவரோ கொடுத்தது. ‘பணி’ செய்வது வேறு. ‘பனி’ பெய்வது வேறு. மூன்று நூறு சேர்ந்தது ‘முந்நூறு’; ‘முன்னூறு’ என எழுதினால் முன்னுள்ள நூறு என்றாகும். இழப்பீட்டுத் தொகையையோ நிலத்தின் அளவையோ சொல்லும் செய்தியில் இது விளையாட்டன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் 9 இயல்களுள் புணரியல் முதலாகக் குற்றியலுகரப் புணரியல் ஈறாக 6 இயல்கள் புணர்ச்சியையே கூறுகின்றன. ஒற்று வீண் அணிகலமாயின், தொல்காப்பியர் மூன்றில் இரண்டு பங்கை அதற்கு ஒதுக்கியிருப்பாரா?

இரண்டாவது, ‘மொழி மாறும் இயல்புடையது, பிழையே நாளடைவில் வழக்காகும்’ என்பது. இது கற்றார் சிலர் வாயிலும் வருவதால் மிகத் தீயது. மொழி மாறும், மறுப்பாரில்லை. ஆனால், மக்கள் நாவில் நூற்றாண்டுக் கணக்கில் உருண்டு நேரும் திரிபு வேறு. விடிவதற்குள் இதழை முடிக்க முனைந்தவன் கைதவறி இட்டதைக் கோடிக்கணக்கான தாளில் பரப்பித் திணிப்பது வேறு. இப்பிழை சொல்லின் வேரையே அறுக்கின்றது என்பதைத் தனித்தமிழன்பர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

‘பதறு’ என்னும் வினையினின்று பிறந்தது ‘பதற்றம்’. இதழ்களோ நாள்தோறும் ‘பதட்டம்’ என்றே எழுதுகின்றன. ‘பதட்டம்’ எனில் ‘பதடு’ என்றொரு வினையைத் தேடவேண்டும். தேடினாலும் அப்பொருளில் அது கிட்டாது. ‘உடை’ என்னும் அடியில் முளைத்தது ‘உடைமை’. ‘உடமை’ என எழுதியதும் அடி மறைந்தது. ‘கோ’ என்னும் வினையடியில் வந்தவை கோத்தல், கோவை; ‘கோர்த்தல், கோர்வை’ என எழுதியதும் இடையில் ஒரு ரகரம் வேரற்று நிற்கின்றது. ‘இயக்குநர்’, ‘ஓட்டுநர்’ என்பவற்றில் ‘நர்’ என்னும் பழந்தமிழ் இறுதிநிலை உள்ளது. ‘இயக்குனர்’, ‘ஓட்டுனர்’ என எழுதுவோர் அதனைக் கொன்றுவிட்டனர். ‘சுவர்’ என்பது ‘இல்’ உருபேற்றால் ‘சுவரில்’ என்றாகும். ‘கிணறு’ என்பது ‘கிணற்றில்’ என்றாவதைப் பார்த்து, ‘சுவற்றில்’ என எழுதுகின்றனர், சுவறுதல் வற்றுதலன்றோ! ‘முயல்கின்றார்’ என்னும் அழகிய வினை இருக்க, ‘முயற்சி’ என்னும் பெயரை மீண்டும் வினையாக்கி ‘முயற்சிக்கிறார்’ என்கின்றனர். கல்லாமை என்றால் கற்காதிருத்தல்; செல்லாமை என்றால் செல்லாதிருத்தல். அவ்வாறிருக்க, அண்மையைக் குறிக்க ‘அருகாமை’ என எழுதுகின்றனர். ‘நினைவுகூர்ந்தார்’ என்பது ‘நினைவு கூறினார்’ என்றாகின்றது. ‘ஏற்கெனவே’ என்பது தன் எகரத்தை இழந்து ‘ஏற்கனவே’ என்றாகின்றது.

இவற்றை எழுத்துப்பிழை என்று மட்டும் கருதி விடுவார் விடுக, நாம் விடுதற்கில்லை. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், மொழிஞாயிறு பாவாணர் வாழ்நாள் முழுவதும் ஆற்றிய வேர்ச்சொல்லாய்வும் எதன்மேல் நிற்கின்றன? தமிழ்ச்சொல்லை அதன் வேரோடு காட்டி, ‘இது தமிழே’ என நிலைநாட்டுவதன்மேல் நிற்கின்றன. ஒரு சொல்லின் ஓரெழுத்துத் திரிந்து வேர் மறைந்தால், நாளை ஒருவர் வந்து, ‘இச்சொல்லிற்குத் தமிழில் மூலமில்லை, பிறமொழியினின்று வந்திருக்கலாம்’ என்று அகரமுதலியில் எழுதிவைப்பார். வடசொல்லைக் கொணர்ந்து புகுத்தியவன் தமிழுக்கு முன்வாயிலிற் செய்த தீங்கை, மெய்ப்புப் பாராத இதழ் பின்வாயிலிற் செய்கின்றது.

மூன்றாவது, ‘நாளிதழின் விரைவு உங்களுக்குத் தெரியாது’ என்பது. தெரியும். 1917-இல் திரு.வி.க. ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றபோது, கணினி இல்லை, கைப்பேசி இல்லை, ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்துக் கோக்கவேண்டும். அடக்குமுறையின் நிழல் வேறு. அந்நிலையிலும் அரசியலை இனிய தமிழில் எழுதலாம் என்பதை அவர் காட்டினார். விரைவென்பது இன்று பிறந்ததன்று. தட்டிய நொடியில் எழுத்துத் திரையில் தோன்றுகின்றதே, அதனால் மிச்சமான பொழுதெல்லாம் எங்கே போயிற்று? கோப்பதற்குச் செலவான நேரம் மிஞ்சிற்று எனில், அதில் காற்பங்கைப் படிப்பதற்குத் தரலாகாதா?

நான்காவது, ‘பொறியே திருத்திவிடும்’ என்பது. கணினியில் இயங்கும் தமிழ்ச் சொற்பிழை திருத்திகள் வந்துள்ளன. அவற்றை உருவாக்கிய தமிழிளைஞர்களை வாழ்த்துவோம். அவற்றைப் பயன்படுத்தவும் வேண்டும். ஆனால், பொறி சொல்லைத்தான் அறியும். எழுதியவன் கருத்தை அறிவது அரிது. ‘வேலைக்’ என்பதும் முறையான வடிவே. ‘வேலை’ என்பதும் முறையான வடிவே. ‘பணி’, ‘பனி’ இரண்டும் அகரமுதலியில் உள்ளவையே. எது இவ்விடத்திற்கு உரியது என்பதை, செய்தியைப் படித்துப் பொருளுணர்ந்த ஒருவரே துணியவேண்டும். அன்றியும், இற்றைப் பிழைகள் பல பொறியின் வழியாகவே வருகின்றன. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழெழுத்தைப் பெறும் முறையில், ல-ள-ழ வேறுபாடும் ந-ன-ண வேறுபாடும் விரல் நழுவும் நொடியில் பிறழ்கின்றன. கைப்பேசி முன்மொழியும் சொல்லை நோக்காது தொட்டுவிடுவோர் உளர். ஆங்கிலச் செய்தியைப் பொறியிலிட்டு, வெளிவந்ததை அவ்வாறே ஒட்டி அனுப்புவோரும் உளர். பொறி ஐயத்தைக் காட்டும் கருவி. முடிவு செய்யும் அறிவன்று. வேலியில் மணி கட்டலாம், மணி காவற்காரனாகாது.

தொலைக்காட்சியும் அரசும்

அச்சிதழாவது ஒருநாள் வாழ்ந்து மடியும். தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் வரி, நாள் முழுவதும் பிழையோடு சுற்றிச் சுற்றி வருகின்றது. ‘பள்ளி கல்வி துறை’ என்று ஒற்றெல்லாம் உதிர்ந்து ஓடும் வரியைப் பார்த்துக்கொண்டே சோறுண்ணும் பிள்ளை, மறுநாள் தேர்வுத்தாளில் அவ்வாறே எழுதுகின்றது. ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கின்றார். பிழை செய்தவர்க்குத் தண்டமில்லை. பார்த்துக் கற்ற பிள்ளைக்குத் தண்டம்! செய்தி படிப்போர் நாவிலோ ழகரம் ளகரமாகி, ‘தமிழ்’ என்னும் பெயரே ‘தமிள்’ என்றாகின்றது. எழுத்திற்கு மெய்ப்பு வேண்டுவதுபோல ஒலிக்கும் மெய்ப்பு வேண்டும்.

அரசும் இதற்கு விலக்கன்று. 2020 சூன் திங்களில், 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பிற்கு இயைய ஆங்கிலத்தில் எழுதும் ஆணையைத் தமிழக அரசு வெளியிட்டது. வெள்ளைக்காரன் சிதைத்த ஊர்ப்பெயரை மீட்கும் அந்நோக்கம் நாம் நெடுநாள் வேண்டியது. ஆனால், எழுத்துப்பெயர்ப்பிற் குறைகள் சுட்டப்பட்டன, நகைப்பிற்கும் இடமாயிற்று. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. வெளியிடுமுன் அறிந்தார் கண்கள் போதிய அளவு பார்த்திருக்குமாயின், ஒரு நல்ல செயல் இவ்வாறு ஒத்திப்போயிருக்குமா? பிழை, கொள்கையையும் தோற்கடிக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நம் வீட்டுக் குப்பை

பிறரைச் சாடிய நாவால் நம்மையும் சாடிக்கொள்ளல் நேர்மை. தனித்தமிழ் இதழ்களும் இயக்க வெளியீடுகளும் பிழையற்றனவா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுவோம்: அல்ல. மாநாட்டுச் சுவரொட்டிகளில் ‘வாரீர்’ என்பதற்கு மூன்று வியப்புக்குறிகளை இடுவோம். ‘தமிழ் காப்போம்’, ‘தமிழைக் காப்போம்’ என்னும் இரண்டனுள் எங்கே ஒற்று மிகும் என்பதை எண்ணிப்பாரோம். ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதி, தூய தமிழில் வாழ்த்திவிட்டதாக மகிழ்வோம். அயற்சொல் ஒன்று புகுந்துவிட்டால் கொதித்தெழும் நாம், நற்றமிழ்ச் சொல்லொன்று கைகால் ஒடிந்து கிடப்பதைக் கண்டும் கடந்து செல்கின்றோம்.

அயற்சொல்லைக் களைவது தனித்தமிழின் ஒரு பாதியே. தமிழ்ச்சொல்லைத் தமிழ்முறைப்படி எழுதுவது மறுபாதி. களையைப் பறித்துவிட்டுப் பயிரை மிதித்து நடப்பவன் உழவனாகான். நம் வெளியீட்டில் பிழை மலிந்திருந்தால், ‘இவர்கள்தாமா தமிழைக் காக்க வந்தவர்கள்?’ என்று பகைவன் நகைப்பான். அந்நகைப்பில் முறையும் இருக்கும்.

ஆகவே, இவ்விதழ் தன்னளவில் ஓர் உறுதியை மேற்கொள்கின்றது. இதில் காணப்படும் எப்பிழையையேனும் அன்பர்கள் சுட்டி எழுதினால், அடுத்த திங்கள் இதழின் முதற்பக்கத்திலேயே, பிழையும் திருத்தமும் அருகருகே வெளியிடப்பெறும். இக்கட்டுரைக்கும் அது பொருந்தும்.

செய்யவேண்டுவன

நாளிதழ் நடத்துவோர்க்குக் கூறுகின்றோம்: மெய்ப்புப் பிரிவை மீண்டும் நிறுவுக. தமிழ் முறையாகப் பயின்று வேலையின்றி வாடும் இளைஞர் ஊர்தோறும் உளர்; அவர்களை அமர்த்துக. துணையாசிரியர்க்கு ஈடான ஊதியம் தருக. அவர் ஒப்பமின்றி ஒரு பக்கமும் அச்சிற்குச் செல்லலாகாது என விதி செய்க. நேர்ந்த பிழையை, மறுநாள் அதே பக்கத்தில் திருத்தி வெளியிடுக. அது மானக்கேடன்று, மானம் உள்ளார் செய்கை.

தொலைக்காட்சியார்க்குக் கூறுகின்றோம்: திரையில் ஏறும் ஒவ்வொரு வரியையும் எழுதியவரல்லாத மற்றொருவர் படித்தபின் ஏற்றுக. செய்தி படிப்போரைத் தேரும்போது முகத்தை மட்டும் பாராது, நாவையும் பார்க்க.

அரசிற்குக் கூறுகின்றோம்: பெயர்ப்பலகை, அறிவிப்பு, பாடநூல், விளம்பரம் ஆகிய எதுவும் தமிழறிந்தார் பாராமல் வெளிவரலாகாது. தன் எழுத்தைத் திருத்தாத அரசு, பிறர்க்குத் தமிழ்ப்பற்றைப் போதித்தல் தகாது.

எழுத்துப் பணியில் உள்ள இளைஞர்க்குக் கூறுகின்றோம்: புலவர் அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ போன்ற நூலொன்றும் ஓர் அகரமுதலியும் எந்நாளும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். தொலைக்காட்சி வழியாகவும் தமிழ் கற்பித்த மா. நன்னனார், பிழை நீக்கி எழுதுதற்கென்றே நூல்கள் இயற்றித் தந்துள்ளார். ஐயம் எழுந்தால் பார்க்க வெட்கப்படற்க. பாராமல் எழுதவே வெட்கப்படுக.

முடிவாக, படிப்போராகிய உங்களுக்கு. இத்தனைக்கும் வேர் உங்கள் வாய்வாளாமையே! தேநீரில் சர்க்கரை குறைந்தால் கடைக்காரரைக் கேட்கின்றீர்கள். சில்லறையில் ஓர் உருவா குறைந்தால் நடத்துநரைக் கேட்கின்றீர்கள். விலை கொடுத்து வாங்கிய இதழில் உங்கள் தாய்மொழி குறைபட்டு வந்தால் மட்டும் மடித்து வைத்துவிடுகின்றீர்கள். இன்றுமுதல் ஒன்று செய்க. கிழமைக்கு ஒருமுறை, உங்கள் இதழில் கண்ட ஒரு பிழையைச் செம்மையால் கோடிட்டு, அதன் திருத்தத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதி, அவ்விதழின் ஆசிரியர்க்கு அனுப்புக. வசைச்சொல் வேண்டா, பிழை, திருத்தம், கரணியம் ஆகிய மூன்று வரி போதும். ஒருவர் எழுதினால் சிரிப்பர். பதின்மர் எழுதினால் படிப்பர். நூற்றுவர் எழுதினால் மெய்ப்புத் திருத்துநர்க்கு நாற்காலி இடுவர்.

வேலை கேட்டு நின்ற அவ்விளைஞர்களை மீண்டும் நினைத்துப் பார்க்கின்றோம். அவர்களுள் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவரும் இருந்திருக்கலாம். அவரை அழைத்து ஓர் இருக்கை தந்து, ‘இப்பக்கத்தைப் பார்த்துத் தருக’ என்று அவ்விதழ் கேட்டிருக்குமாயின், அவர்க்கு வேலையும் கிட்டியிருக்கும், அத்தலைப்பும் பிழைத்திருக்கும். ஓர் ஒற்றுத்தான், ஐயா! அதனைப் பார்க்க ஓர் ஆள்தான் வேண்டும். அவ்வோர் ஆளைக்கூடத் தமிழுக்குத் தரமாட்டோம் என்பார் நடத்தும் இதழைத் தமிழிதழ் என்று அழைப்பது எங்ஙனம்?